லேடி டஃபரின்: ஆஸ்பத்திரி மருமகள் இல்ல, பாட்டு எழுதின மாமியார்

கேள்வி இது: பழைய ஐரிஷ் பாட்டுத் தொகுப்புகள்ல லேடி டஃபரின்னு ஒரு பேர் வருதே, அது இந்தியாவுல ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச லேடி டஃபரினா, அவங்க நிஜமாவே அயர்லாந்துக்காரங்களா, மெட்டும் அவங்களே போட்டதா இல்ல வரி மட்டும்தானா. சுருக்கமா சொன்னா முதல் கேள்விக்கு இல்ல, ரெண்டாவதுக்கு பாதி ஆமா, மூணாவதுக்கு சிலதுக்கு ஆமா சிலதுக்கு இல்ல. இதோட நிறுத்திக்கலாம்தான், ஆனா கதை நல்லா இருக்கும், டைம் இருந்தா படிங்க.

முதல்ல அந்தப் பேர்க் குழப்பத்தை முடிச்சுடறேன். லேடி டஃபரின்னு ரெண்டு பேர் இருந்தாங்க, மாமியாரும் மருமகளும். மருமகள் பேர் ஹாரியட், 1884 கடைசியில வைஸ்ராயா வந்த டஃபரின் பிரபுவோட மனைவி. இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வைத்தியம் பார்க்கணும்னு 1885ல ஒரு நிதி ஆரம்பிச்சது இவங்கதான், கராச்சியிலயும் கல்கத்தாவுலயும் ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கறது இவங்க பேர். பாட்டு எழுதினது அந்த வைஸ்ராயோட அம்மா, ஹெலன் செலினா ஷெரிடன். 1807ல பொறந்து 1867ல செத்துட்டாங்க, அதாவது பையன் கல்கத்தாவுக்கு வர்றதுக்கு 17 வருஷம் முன்னாடியே. அந்தப் பையனை நம்மாளுங்களுக்கு வேற விதத்துல தெரியும், காங்கிரஸ் ஆரம்பிச்சப்போ வைஸ்ராயா இருந்தவர், அப்புறம் 1888ல அதே காங்கிரஸ்காரங்களை மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்க்கற அளவு சின்ன சிறுபான்மைன்னு நக்கலடிச்சவர். அவரோட அம்மாவா இப்படிப் பாட்டு எழுதினாங்கன்னு எனக்கே முதல்ல ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

ஷெரிடன்ங்கற பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருந்தா, அதே ஷெரிடன்தான். தாத்தா ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன், டப்ளின்ல பொறந்து லண்டன்ல நாடகம் போட்டு, டிரூரி லேன் தியேட்டரை நடத்தி, பார்லிமென்ட்லயும் உட்கார்ந்து, கடைசியில கடன்ல மூழ்கிச் செத்த மனுஷன். எல்லாரும் அவரைப் பத்தியே பேசுவாங்க. எனக்கு என்னவோ ஹெலனோட பாட்டைப் புரிஞ்சுக்க அவரை விட பாட்டிதான் முக்கியம்னு தோணுது. பாட்டி எலிசபெத் லின்லி, பாத் நகரத்துல பாட்டு வாத்தியார் தாமஸ் லின்லியோட பொண்ணு, அந்தக் காலத்து இங்கிலாந்துல அவங்க குரலுக்கு அவ்ளோ மவுசு, பெரிய ஓவியர் கெயின்ஸ்பரோ அவங்களைப் படம் வரைஞ்சிருக்கார். 1772ல ஷெரிடன் கூட பிரான்ஸுக்கு ஓடிப்போய், அவங்களைத் தொந்தரவு பண்ணிட்டிருந்த ஒருத்தன் கூட ஷெரிடன் ரெண்டு தடவை கத்திச்சண்டை போட்டு, 1773ல கல்யாணம் ஆச்சு. ஆனதும் புருஷன் சொன்ன முதல் விஷயம், இனிமே காசுக்கு மேடையில பாடக்கூடாது. நாட்டுலயே பெரிய குரல்னு பேர் வாங்கினவங்க, அதோட மேடைக் கச்சேரி முடிஞ்சது. வீட்டுக்கு விருந்தாளி வந்தா மட்டும் பாட்டு. ஜென்டில்மேன் பொண்டாட்டி காசு வாங்கிப் பாடினா கௌரவக் குறைச்சல், அவ்ளோதான் லாஜிக். நம்ம ஊர்லயும் இதே லாஜிக் ரொம்ப நாள் ஓடுச்சு, பேர் சொல்லவே வேணாம்.

ரெண்டு தலைமுறை கழிச்சுப் பேத்திக்கும் அதே வேலிதான். பாட்டு எழுதலாம், மெட்டுப் போடலாம், வீட்டு பியானோவுல வாசிக்கலாம், பதிப்பாளர் அச்சடிச்சு விக்கவும் செய்யலாம், ஆனா பேர் போடறது அவ்ளோ நல்லா இருக்காது. அதனால ஹெலனோட பாட்டுங்க பெரும்பாலும் பேர் இல்லாமத்தான் வெளிய வந்துச்சு. பையன் 1894ல அம்மாவோட பாட்டு, கவிதை எல்லாத்தையும் சேர்த்து, வாழ்க்கைக் குறிப்பும் எழுதி ஒரு புத்தகமாப் போட்டார், அதாவது அவங்க செத்து 27 வருஷம் கழிச்சு. அதுக்குள்ள பாதிப் பாட்டு ஊர்ப்பாட்டு மாதிரி ஆயிடுச்சு, யார் எழுதினதுன்னே தெரியாம ஜனங்க பாடிட்டிருந்தாங்க.

வாழ்க்கையைக் கொஞ்சம் வேகமா சொல்லிடறேன். அப்பா டாம் ஷெரிடனுக்குக் காசநோய், வெயில் இருக்கற ஊர்னா உடம்பு தேறும்னு தென்னாப்பிரிக்காவுல நன்னம்பிக்கை முனையில ஒரு அரசாங்க வேலை வாங்கிட்டுப் போனார், மூத்த பொண்ணு ஹெலனை மட்டும் கூடக் கூட்டிட்டுப் போனாங்க. 1817ல அவர் அங்கயே போய்ச்சேர்ந்தார். அம்மாவும் 10 வயசு ஹெலனும் திரும்பி வந்தாங்க, காசு கிடையாது, ராஜ குடும்பத்து தயவுல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில சில ரூம் வாடகையில்லாம கிடைச்சது, அங்கதான் பிள்ளைங்க எல்லாம் வளர்ந்தாங்க. வெளியில இருந்து பார்த்தா அரண்மனை, உள்ள அம்மா நாவல் எழுதி சம்பாதிச்சு குடும்பம் நடத்தறாங்க. 

பொண்ணுங்க மூணு பேர். மூணும் அழகு, மூணுக்கும் வாய் நீளம். ஹெலன் ஒரு தடவை, பின்னாடி பிரிட்டிஷ் பிரதமரான டிஸ்ரேலி கிட்ட சொன்னாங்களாம், அவர் கடிதத்துல எழுதி வெச்சிருக்கார்: ஜார்ஜி அழகி, கேரி புத்திசாலி, அப்போ நான்தான் நல்லவளா இருக்கணும், ஆனா இல்லையே. அந்த ஜார்ஜி, கடைசித் தங்கச்சி ஜார்ஜியானா, 1839ல ஸ்காட்லாந்துல எக்லிங்டன்ல ஒரு பிரபு நடத்தின போலி மாவீரர் போட்டியில அழகு ராணியா உட்கார்ந்தவங்க (அன்னைக்கு மழை கொட்டித் தீர்த்து எல்லாரும் சேத்துல நின்னதுதான் மிச்சம்). கேரிங்கறது கரோலின் நார்ட்டன். இவங்களும் பாட்டு எழுதி இசையமைச்சவங்க, 1850கள்ல வந்த ஹுவானிட்டாங்கற பாட்டு அட்லாண்டிக் ரெண்டு கரையிலயும் வித்துத் தள்ளுச்சு. இவங்க புருஷன் ஒரு முரடன், 1836ல பிரதமர் மெல்போர்ன் கூடத் தொடர்புன்னு கேஸ் போட்டுத் தோத்தான், ஆனா மூணு பசங்களையும் அம்மா கண்ணுல காட்டாம வெச்சுக்கிட்டான், சட்டப்படி அப்போ பிள்ளைங்க அப்பாவோட சொத்து. இவங்க விடாம எழுதி எழுதி, 1839ல பிள்ளைங்க காவல் சட்டம் மாறுச்சு. 

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, பிள்ளைங்க மட்டும் இல்ல, கல்யாணமான பொண்ணு பாட்டு எழுதி சம்பாதிச்ச காசும் சட்டப்படி புருஷனோடதுதான். 1870ல சட்டம் மாறற வரைக்கும் அதான் நிலைமை. கரோலினோட புருஷன் அவங்க எழுத்து வருமானத்துக்கே உரிமை கேட்டான். பெண் இசையமைப்பாளர்கள் ஏன் கம்மின்னு யாராவது கேட்டா நான் முதல்ல இதைத்தான் சொல்லுவேன்.

ஹெலனுக்கு அந்தக் கொடுமை இல்ல. 1825ல, 18 வயசுல, கப்பற்படையில இருந்த ப்ரைஸ் பிளாக்வுட்டைக் கட்டிக்கிட்டாங்க. அவர் வட அயர்லாந்துல கவுண்டி டவுன்ங்கற மாவட்டத்துல பெரிய பண்ணைக் குடும்பம், பெல்ஃபாஸ்ட் பக்கம், டஃபரின் பட்டம் அந்த வீட்டோடது. சொத்து இல்லாத பொண்ணைக் கட்டறான்னு அவங்க வீட்டுல பிடிக்கல, ஜோடி ஃபிளாரன்ஸுக்குப் போயிட்டாங்க, 1826ல அங்கதான் ஒரே பையன் ஃபிரெடரிக் பொறந்தான். பட்டம் அப்போ ப்ரைஸ் கைக்கு வரல, குடும்பத்துல மூத்தவங்க கிட்ட இருந்துச்சு. அவங்க எல்லாம் போய், 1839லதான் இவருக்குப் பட்டம் வந்தது, ஹெலன் லேடி டஃபரின் ஆனதும் அப்போதான். ரெண்டே வருஷம். 1841ல லிவர்பூல்ல இருந்து பெல்ஃபாஸ்ட் போற கப்பல்ல தவறுதலா மார்ஃபின் அளவு கூடிப்போய் செத்துட்டார். ஹெலனுக்கு வயசு 34, பையனுக்கு 15.

இப்போ அயர்லாந்துக்காரங்களாங்கற கேள்வி. தாத்தா டப்ளின், புருஷன் வீடு கவுண்டி டவுன், ஆனா வளர்ந்தது தென்னாப்பிரிக்காவுலயும் இங்கிலாந்துலயும், வாழ்ந்ததும் பெரும்பாலும் லண்டன் பக்கம்தான். அவங்க பாட்டுல வர்ற ஐரிஷ் பேச்சு தாய்ப்பாலோட வந்தது இல்ல, காதால பிடிச்சது. அந்தக் காலத்து லண்டன் மேடையில ஐரிஷ்காரன்னா ஒரு கோமாளி, கொச்சைப் பேச்சு, கையில குடி, அவ்ளோதான். அந்த வாடை ஹெலன் பாட்டுலயும் அங்கங்க அடிக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க ஆளுங்க கோமாளி இல்ல, சிரிக்க வைக்கறது அந்த ஆளுங்களோட புத்தியே ஒழிய முட்டாள்தனம் இல்ல. அது பெரிய வித்தியாசம்.

பாட்டுக்கு வர்றேன். முதல்ல பேர் வாங்கினது 1835ல வந்த சார்மிங் உமன். இதுல அயர்லாந்தே கிடையாது, லண்டன் மேல்தட்டு வம்புதான். மிஸ் மர்ட்டிலுக்குக் கல்யாணம், எத்தனை பேர் மனசு உடையப்போகுதோ, லத்தீன் தெரியும் கிரேக்கம் தெரியும், பேச்சு வர்றதுக்கு முன்னாடியே யூக்ளிட் கணக்குப் போட்டாளாம்னு ஒரு அத்தை பாராட்டற மாதிரியே பேசிட்டுப் போவாங்க, ஒவ்வொரு சரணமும் பொண்ணு எவ்ளோ நல்லவ, மாப்பிள்ளை எவ்ளோ கொடுத்துவெச்சவன்னு முடியும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பாராட்டுல ஒரு ஊசி கூடும், கடைசியில புத்தி இருந்தா இந்த மாதிரிப் பொண்ணைக் கட்டாதேன்னு நேராவே சொல்லிடும். கல்யாண வீட்டுல பின்வரிசையில உட்கார்ந்து நம்ம வீட்டுப் பெரியம்மாக்கள் பேசற அதே டோன். படிச்ச பொண்ணைக் கிண்டல் பண்றதை எழுதினதும் ஒரு படிச்ச பொண்ணு, அதை நினைச்சா கொஞ்சம் நெருடும்.

இதெல்லாம் எதுக்காக எழுதினதுன்னா வரவேற்பறை பியானோவுக்காக. அன்னைக்கு ஓரளவு வசதியான வீடுன்னா பியானோ இருக்கும், வீட்டுப் பொண்ணுக்கு வாசிக்கத் தெரியும், விருந்து முடிஞ்சு ஒருத்தர் எழுந்து பாடுவாங்க. அதனால மெட்டு சாதாரணக் குரலுக்கு எட்டற உயரத்துலயே இருக்கணும், எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு, துணை வாசிப்பு சிம்பிளா கை போகற இடத்துலயே போகணும், முக்கியமா ஒவ்வொரு வார்த்தையும் புரியணும். பெரிய இசைன்னு யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டை வெச்சுக்கிட்டு கதை நகர்றப்போ அந்த மெட்டோட அர்த்தமே மாறற மாதிரி எழுதறது லேசுப்பட்ட வேலை இல்ல.

அந்த வேலை எங்க கச்சிதமா நடந்திருக்குன்னா கேட்டீஸ் லெட்டர்ல. வரியும் இவங்கதான் மெட்டும் இவங்கதான். ஒரு கிராமத்துப் பொண்ணு தோழிங்க கிட்ட சொல்றா: ஏ புள்ளைங்களா, கேட்டீங்களா, நான் என் ஆளுக்கு லெட்டர் எழுதிட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, அதுவும் நல்லதாப் போச்சு, கஷ்டமான எழுத்தையெல்லாம் கூட்டிப் படிச்சு அவன் ஏன் குழம்பணும், நான் அவன்மேல உசிரா இருக்கேங்கறது ஒரு வார்த்தை சொல்லாமலே அவனுக்குத் தெரியுமே. இது முதல் சரணம். ரெண்டாவதுல லெட்டரை மடிச்சு அரக்கு முத்திரை வைக்கிறா, எவ்ளோ பெருசுன்னா அவளோட நல்ல தொப்பியோட உச்சி அளவு, ஏன்னா போஸ்ட்மாஸ்டர் உள்ள பார்த்துட்டு ஏதாவது சொல்லுவான். மூணாவதுல இன்னும் ஒரு படி போறா, அக்கம்பக்கத்துக்காரங்க கேலி பண்ணுவாங்கன்னு லெட்டர் மேல அவன் பேரையே எழுதல, சின்ன கேட் தன் உயிரான ஒருத்தனுக்கு எழுதறதுன்னு மட்டும் போட்டுட்டா. நாலாவது சரணம்: பாருங்கடி அந்தத் தபால்காரனுக்கு இருக்கற திமிரை, இவ்ளோ நாளாக் காத்துட்டிருக்கேன், ஒரு பதில் கொண்டு வரலையே! சரி, பதிலே இல்லாமலும் இருக்கலாம், அவனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே. ஆனா என்மேல உசிரா இருக்கான்.

முதல் சரணத்துல அவனுக்குத் தெரியும் தெரியும்னு அடிச்சுச் சொல்ற அதே வாக்கியம், அதே மெட்டு, நாலாவதுல வரும்போது கொஞ்சம் ஆடிப்போய் நிக்குது. முதல்ல அது கர்வம், கடைசியில அது நம்பிக்கை, பாடறவங்க கொஞ்சம் யோசிச்சா கவலையும் உள்ள இருக்கு. அவன் எங்க போனான், ஏன் லெட்டர் எழுதற தூரத்துல இருக்கான்னு பாட்டு ஒரு இடத்துலயும் சொல்லாது. அந்த வருஷங்கள்ல அயர்லாந்துல ஒரு பையன் ஊரை விட்டுப் போனான்னா எங்க போயிருப்பான்னு கேக்கறவங்களுக்குத் தெரியும்.

நான் பாட்டுக் கத்துக்கற பசங்களுக்கு பியானோ வாசிச்சுத் துணை பண்றவன், ஒரு 17 வயசுப் பொண்ணுக்கு இதைக் கொடுத்தேன், மூணு வாரம் காமெடிப் பாட்டு மாதிரி கண்ணை உருட்டிப் பாடிட்டிருந்தா. ஒரு நாள் அவளோட ஃபோன்ல யாருக்கோ அனுப்பின மெசேஜுக்கு ரெண்டு நாளா பதில் இல்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு வந்தா. அன்னைக்கு நாலாவது சரணத்துல ஒண்ணுமே பண்ணாம, கண்ணை உருட்டாம, தபால்காரன் மேல மட்டும் கோபமாப் பாடினா. சரியா வந்துடுச்சு. நான் வாயைத் திறக்கவே இல்ல, சொன்னா கெட்டுப்போயிடும்.

இன்னொண்ணு டெரன்ஸ் ஃபேர்வெல். கேத்லீன் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போறா, டெரன்ஸ் வழியனுப்பறான். அழுகை எல்லாம் இல்ல, ஒரு மாதிரி குத்திக்காட்டல்தான், அவனோட பெரிய பயம் என்னன்னா நீ திரும்பி வரும்போது அவ்ளோ அழகான இங்கிலீஷ் பேசுவே, அப்போ எனக்கு என் கேத்லீனை அடையாளமே தெரியாது. இதுக்கு விளக்கம் சொல்லணுமா என்ன. அப்புறம் பே ஆஃப் டப்ளின், வெளியூர்ல உட்கார்ந்து வேலை பாத்துட்டே ஊரை நினைச்சுப் பாடறது, குடிசை வாசல்ல பிள்ளைங்க விளையாடறதும், கேட்டி கையில பின்னல் வேலையோட உட்கார்ந்திருக்கறதும், அக்கம்பக்கத்து முகங்களும் கண்ணுக்குத் தெரியுதுன்னு சொல்லி, அந்த இடம் எவ்ளோ அழகுன்னு யாருக்கும் தெரியாது, எனக்கு அது எவ்ளோ உசிருன்னு சாமிக்குத் தெரியும்னு போகும். எனக்கு இது சுமார்தான், கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி.

எல்லாத்தையும் விட பேர் வாங்கினது லமென்ட் ஆஃப் தி ஐரிஷ் எமிக்ரன்ட், அதாவது ஊரை விட்டுப் போற ஐரிஷ்காரனோட புலம்பல். நிறைய பேர் தப்பு பண்ற இடமும் இதுதான். முதல் தப்பு, இது ஹெலன் இசையமைச்சதுன்னு நினைக்கறது. வரி மட்டும்தான் அவங்களோடது. பிரபலமான மெட்டு ரெண்டு, ஒண்ணு அமெரிக்காவுல பாடித் திரிஞ்ச ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் டெம்ப்ஸ்டர் போட்டது, இன்னொண்ணு இங்கிலாந்துல ஜார்ஜ் பார்க்கர் போட்டது. பிற்காலத்துல ஐரிஷ் பாடகர் ஜான் மெக்கார்மக் ரெக்கார்ட்ல பாடினது பார்க்கர் மெட்டு. ரெண்டாவது தப்பு, இது பஞ்சத்துப் பாட்டுன்னு சொல்றது. உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது 1845ல, 10 லட்சம் பேர் கிட்ட செத்தாங்க, அதுக்கும் மேல ஜனம் கப்பலேறுச்சு. இந்தப் பாட்டு அதுக்குச் சில வருஷம் முன்னாடியே அச்சுக்கு வந்தாச்சு. பசி அங்க 1845ல புதுசா வந்த விருந்தாளி இல்ல, அதுக்கு முன்னாடியும் சின்னச் சின்னப் பஞ்சம் வந்து வந்து போயிட்டுத்தான் இருந்துச்சு. பின்னாடி பெரும் பஞ்சம் வந்ததும் ஜனங்க இந்தப் பாட்டையே அதுக்கும் எடுத்துக்கிட்டாங்க.

பாட்டு இப்படிப் போகும். வயல் வேலியில ஆடு மாடு தாண்டாம ஆள் மட்டும் ஏறி இறங்கற மாதிரி ரெண்டு படி வெச்சிருப்பாங்க இல்ல, அதுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், செத்துப்போன பொண்டாட்டி மேரி கிட்ட பேசறான். மே மாசக் காலையில, கல்யாணம் ஆன புதுசுல, நாம இங்கதான் ஒட்டி உட்கார்ந்திருந்தோம், பயிர் பச்சையா முளைச்சிருந்துச்சு, வானம்பாடி கத்திட்டிருந்துச்சு. இப்பவும் அதே வெயில், அதே பறவை, பயிரும் மறுபடி பச்சை, உன் கை மட்டும் இல்ல. ரெண்டு எட்டு நடந்தா சர்ச், நமக்குக் கல்யாணம் ஆன சர்ச், கோபுரம் இங்கருந்தே தெரியுது, ஆனா நடுவுல கல்லறை இருக்கு மேரி, என் காலடிச் சத்தத்துல நீ முழிச்சுக்குவியோன்னு போகல, ஏன்னா உன்னைத் தூங்க வெச்சது நான்தானே, நெஞ்சுமேல உன் குழந்தையோட.

அந்த நெஞ்சுமேல குழந்தைங்கறதுல மொத்தக் கதையும் வந்துடுது, பிரசவத்துலயா பசியிலயா எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா எனக்கு அதைவிடப் பெரிய வரி அடுத்து வர்றது. ரொம்பத் தனியா இருக்கேன் மேரி, ஏழைங்க புது சிநேகம் பிடிக்கறது இல்ல, அதனாலதான் இருக்கற ஒண்ணு ரெண்டு பேர் மேல அவ்ளோ பாசமா இருக்காங்க. அப்புறம் நன்றி சொல்றான், பசி வயித்தைக் கிள்ளினப்போ எனக்காக அதை மறைச்சுட்டு சிரிச்சியே, அதுக்கு நன்றி. கடைசியில, நான் போற ஊர்ல எல்லாருக்கும் ரொட்டி உண்டு, வேலை உண்டு, எப்பவும் வெயிலாம், ஆனா அது 50 மடங்கு அழகா இருந்தாலும் அயர்லாந்தை மறக்க மாட்டேன்ங்கறான். அங்க பெரிய காட்டுல உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டா மறுபடி இந்தப் படி, இந்தப் பயிர், அந்த மே மாசக் காலைன்னு பாட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிக்கும்.

கவுண்டி டவுன்ல ஸ்ட்ராங்ஃபோர்ட் நீர்ப்பரப்பு ஓரமா கில்லிலேன்னு ஒரு ஊர் இருக்கு, அங்க சர்ச் பக்கத்துல இருக்கற படிதான் இந்தப் படின்னு உள்ளூர்ல சொல்லுவாங்க.

இப்போ சங்கடமான விஷயத்துக்கு வருவோம். பாட்டுல பாடறவன் ஒரு குத்தகை விவசாயி. எழுதினது பண்ணையார் வீட்டு மருமகள். அவன் ஏன் பட்டினி, வாடகை எவ்ளோ, நிலம் யாரோடதுங்கற எதையும் பாட்டு கேக்காது, துக்கம் மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. லண்டன்ல ஒரு வரவேற்பறையில வயிறு நிறைஞ்சவங்க பியானோ சுத்தி நின்னு இதைக் கேட்டுக் கண்ணைத் துடைச்சுக்கலாம், யாருக்கும் உறுத்தாது. இதைச் சொல்லி இந்தப் பாட்டையே ஒதுக்கறவங்க உண்டு. நான் ஒதுக்க மாட்டேன், ஏன்னா அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரங்களே இதைத் தங்களோடதுன்னு எடுத்துப் பாடினாங்க, அவங்களுக்கு இல்லாத கஷ்டம் எனக்கு என்ன. ஆனா அந்தக் குறை இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

இதுல பையன் கதை இன்னும் விசித்திரம். 1847ல, பஞ்சத்தோட உச்சத்துல, ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சுட்டிருந்த ஃபிரெடரிக் ஒரு நண்பரைக் கூட்டிட்டு கார்க் பக்கம் ஸ்கிபரீனுக்கே போய், செத்துக் கிடக்கற ஜனத்தை நேர்ல பார்த்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், நிவாரணத்துக்குப் பணம் திரட்ட. நல்ல பையன். அதே ஆள் 20 வருஷம் கழிச்சு, ஐரிஷ் குடியேற்றமும் நில உரிமையும் பத்தி ஒரு தடிப் புத்தகம் போட்டார், ஜனம் வெளிய போறதுக்குப் பண்ணையார்கள் மேல பழி போடாதீங்க, போறது நாட்டுக்கும் போறவனுக்கும் நல்லதுதான்னு அதுல வாதம். அம்மா பாட்டுல வர்ற அந்த எல்லாருக்கும் ரொட்டி எல்லாருக்கும் வேலைங்கற வரி மட்டும் பையனுக்கு நல்லாக் கேட்டுச்சு போல. அந்தப் புத்தகம் வந்தது 1867, அம்மா செத்த அதே வருஷம்.

அம்மாமேல பாசம் இல்லாத ஆள்னு நினைச்சுடாதீங்க. குடும்பத்தோட கிளாண்டிபாய் எஸ்டேட்ல ஒரு குன்று மேல ஹெலன்ஸ் டவர்னு ஒரு கோபுரமே கட்டினார், 1861ல முடிஞ்சது. மகனோட 21வது பிறந்தநாளுக்கு வெள்ளி விளக்கு கொடுத்து ஹெலன் எழுதின ஒரு கவிதை, அதைப் பொறிச்சு வைக்கத்தான் அந்தக் கோபுரம். அது போதாதுன்னு பெரிய ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் கிட்ட ஒரு கவிதை வாங்கினார், மகனோட அன்பு என்னைக் கட்டுச்சு, தாயோட அன்பைத் தங்க எழுத்துல வெச்சிருக்கேன்னு கோபுரமே பேசற மாதிரி. இன்னொரு கவிஞர் பிரௌனிங்கும் ஒண்ணு எழுதிக் கொடுத்தார். முதல் உலகப் போருக்குப் போன அல்ஸ்டர் (அயர்லாந்தோட வடக்குப் பகுதி) படைப்பிரிவு இந்த எஸ்டேட்ல பயிற்சி எடுத்ததால, பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டையில செத்த அந்த ஆளுங்களுக்கு 1921ல பிரான்ஸ்ல தியெப்வால்ல நினைவுச் சின்னம் வெச்சப்போ இதே கோபுரத்தோட நகலைத்தான் கட்டினாங்க. பாட்டுல பேர் போடக் கூச்சப்பட்டவங்களுக்கு ரெண்டு நாட்டுல கோபுரம்.

கடைசிக் காலத்துலயும் எழுதறதை விடல. பையன் வடக்கே பனிக்கடல் பக்கம் கப்பல்ல போய் எழுதின பயணக் கடிதங்கள் 1857ல வந்து பிரபலமாச்சு, அம்மா அதைக் கிண்டல் பண்ணி 1863ல ஒரு புத்தகம் போட்டாங்க, நைல் நதியில சுத்தற இம்பல்சியா கஷிங்டன்னு ஒரு அசட்டு சீமாட்டியோட டைரி மாதிரி. அதே வருஷம் ஹேமார்க்கெட் தியேட்டர்ல அவங்க நாடகமும் ஏறுச்சு, அதுக்கும் பேர் போட்டுக்கல.

அதுக்கு முந்தின வருஷம் நடந்தது ஒண்ணு இருக்கு. கிஃபர்ட் பிரபுன்னு ஒருத்தர், இவங்களை விட 15 வயசு கிட்ட சின்னவர், ரொம்ப வருஷமா இவங்க மேல பிரியம், இவங்க வேணாம்னே சொல்லிட்டிருந்தாங்க. 1862ல வேலையாட்களைக் காப்பாத்தப் போய் அவருக்குப் பலமா அடி, பிழைக்க மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு. அக்டோபர்ல அவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. டிசம்பர்ல அவர் போயிட்டார். ஹெலன் 1867 ஜூன்ல மார்பகப் புற்றுநோய்ல இறந்தாங்க, லண்டன் ஹைகேட் பக்கத்துல. ரெண்டாவது புருஷன் பக்கத்துலதான் புதைச்சாங்க.

கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஐடியா. எமிக்ரன்ட்ல ஆரம்பிக்காதீங்க, அது வேற ஒருத்தரோட இசை, மெதுவாப் பாடி இழுத்தாங்கன்னா சாப்பாடு இறங்காது. கேட்டியோட லெட்டரை எடுங்க, பாடத் தெரிஞ்சா நீங்களே பாடுங்க, மெட்டு சுலபம். தபால் ஆளுங்க வர்ற ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி பாடாதீங்க, ரெண்டாவது சரணத்துல போஸ்ட்மாஸ்டர் மேல சந்தேகம், நாலாவதுல தபால்காரனைத்தான் அவ வாசல்லயே நின்னு எதிர்பார்த்துட்டிருக்கா.